தீர்த்தவாரியன்று கேட்ட கேள்வி

இளங்கலை மாணவர்களின் ஆய்வுக்கு உதவுவதற்கென்று ஒரு குழுவை அமைத்து, அந்தக் குழுவே உட்கார்ந்து ஓர் ஆய்வை அழித்ததை நான் பார்த்திருக்கிறேன். அழித்தவர்கள் கல்லாதவர்கள் அல்லர். பகலில் வகுப்பறையிலும் மாலையில் கோயில் மண்டபத்திலும் பக்தியைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

நான் ஒரு மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். மாடம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். காலையில் நீராடி, சிவன் கோயில் பிரகாரத்தில் அமர்ந்து, ஒரு பதிகத்தைப் பண்ணோடு ஓதி முடித்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும். இந்த வழக்கத்தை யார் மூலமாகவோ கேள்விப்பட்டுத் தாம்பரத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில் என்னைக் குழுவின் வெளி உறுப்பினராக அழைத்தார்கள். பக்தி இலக்கியம் அறிந்த மூத்தவர் ஒருவர் வேண்டும் என்றார் ஒருங்கிணைப்பாளர். அவர் அக்கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர். நல்ல குரல்வளம் உடையவர். அவர் மேடையேறினால் கூட்டம் கலையாது.

சுனாமி வந்த கல்வியாண்டு அது. கல்லூரிக்குத் தரச் சான்று வழங்கும் குழு அடுத்த ஆண்டு பார்வையிட வரவிருந்தது. வேதியியலிலும் விலங்கியலிலும் மாணவர்கள் ஆய்வு செய்ததாகக் காட்டக் குடுவைகளும் சீசாக்களும் இருந்தன. மொழிக்கும் வரலாற்றுக்கும் காட்ட ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காகவே எங்கள் குழு பிறந்தது என்பதை எனக்கு முதலில் யாரும் சொல்லவில்லை. நான் போண்டாவும் காப்பியும் வைத்திருந்த மேசைக்கு முன்னால் அமர்ந்து, இந்த நாட்டில் இளங்கலைப் பிள்ளைகளையும் ஆய்வு செய்யச் சொல்லும் காலம் வந்துவிட்டதே என்று உண்மையாகவே மகிழ்ந்தேன்.

அவர்கள் சொன்ன உதவி எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். வேதியியல் துறையின் விண்ணப்பப் படிவத்தையே வாங்கி, ‘தேவைப்படும் இரசாயனங்கள்’ என்று இருந்ததை அடித்துவிட்டுத் ‘தேவைப்படும் நூல்கள்’ என்று எழுதியிருந்தார்கள். நூல்களைக் கேட்டுப் பிள்ளைகள் நூலகத்துக்குப் போனார்கள். பார்வை நூல்கள் இருந்த கூடத்துக்குள் முதுகலை மாணவர்கள் மட்டுமே நுழையலாம். இளங்கலை மாணவர்கள் சன்னலுக்கு வெளியே நின்று நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த நூலில் என்ன இருக்கிறதென்று அறியாத பிள்ளை எந்தப் பெயரை எழுதும்? மொழிக்கூடத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. அதை மாணவர்களுக்குக் கொடுக்கலாமே என்றேன்.

“பசங்க கைல குடுத்தா ஒடச்சிடுவாங்க மேடம்,” என்றார் ஒருங்கிணைப்பாளர். “டீம் வந்து பாக்கும்போது அது அங்க இருக்கணும் இல்லையா?”

பயன்படுத்தினால் உடையும், உடைந்தால் காட்ட முடியாது, ஆகவே பயன்படுத்தக் கூடாது. இந்தத் தருக்கத்தை அவர் புன்னகையோடு சொன்னார். நான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். வரலாற்றுத் துறை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் விண்ணப்பம் அன்று கையில் இருந்ததால் உட்கார்ந்திருந்தேன்.

மற்ற விண்ணப்பங்கள் எல்லாம் பிறர் நூல்களிலிருந்து எடுத்த தலைப்புகள். பக்திப் பாடல்களில் மலர்கள், பக்திப் பாடல்களில் பறவைகள் என்று போகும். இந்தப் பெண் ‘சாமியை மறித்தல்’ என்று எழுதியிருந்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்துப் பெண். கேளம்பாக்கம் வழியாக இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வருகிறவள். நேர்முகத்துக்கு அழைத்தோம். ஒல்லியான பெண், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா தலைப்பு இது?” என்று ஒருங்கிணைப்பாளர் சிரித்தார். “சாலை மறியல் மாதிரி இருக்கே?”

“மறியல்தான் சார். சாமியத்தான் மறிப்பாங்க.”

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. மெல்ல விளக்கினாள். மாசி மகத்தன்று கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் சிவன் கோயில் ஒன்றிலிருந்து உற்சவர் தீர்த்தவாரிக்காக அவர்கள் கடற்கரைக்கு எழுந்தருளுவார். அம்மன் தங்கள் குப்பத்துப் பெண் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே ஐயன் அவர்களுக்கு மாப்பிள்ளை. பல்லக்கு மணலில் இறங்கியதும் குப்பத்துப் பெண்கள் குறுக்கே வந்து நின்றுவிடுவார்கள். மேளத்தையும் நாகசுரத்தையும் நிறுத்தச் சொல்வார்கள். பிறகு ஒருத்தி மாற்றி ஒருத்தி இறைவனை நேருக்கு நேர் ஏசுவார்கள். வலை அறுந்தது, படகு கவிழ்ந்தது, மகளுக்கு வரன் அமையாதது, எல்லாவற்றுக்கும் அங்கே கணக்குக் கேட்கப்படும். குருக்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். எல்லோரும் ஏசி முடித்த பிறகு மூத்தவள் ஒருத்தி பல்லக்குத் தூக்கிகளின் காலில் ஒரு குடம் நீரை ஊற்றி வழிவிடுவாள். அதன் பின்னரே சாமி கடலில் இறங்கும்.

நான் சிவபக்தி உள்ள குடும்பத்தில் பிறந்து, இந்த வட்டாரத்திலேயே வாழ்ந்து, இப்படி ஒன்று நடப்பதைக் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு மெய்சிலிர்த்தது.

“இதப் பத்தி யாரு எழுதியிருக்காங்க?” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“யாரும் எழுதல சார்.”

“யாருமே எழுதலன்னா நீ எப்படிம்மா ஆய்வு பண்ணுவே? மேற்கோள் எங்கேருந்து எடுப்பே?”

ஒரு பேராசிரியர் வாயிலிருந்து வந்த கேள்வி இது. முன்னரே எழுதப்பட்டதை மறுபடி எழுதுவதற்குப் பெயர்தான் ஆய்வு என்று அவர் மனமார நம்பினார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. நான் குறுக்கிட்டேன். எழுதப்படாதது என்பதே இதை ஏற்பதற்குப் போதிய காரணம் என்றேன். வெளி உறுப்பினரின் சொல்லைத் தட்டக் கூடாதென்று ஒப்புக்கொண்டார்கள். வரலாற்றுத் துறையின் இளம் விரிவுரையாளர் ஒருவரை அவளுக்கு வழிகாட்டியாக அமர்த்தினார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. அவளும் அவள் தாயும் பிழைத்தார்கள். வீடு போயிற்று. குப்பத்தில் சிலர் திரும்பி வரவில்லை, குழந்தைகளே மிகுதி. வெகுநாள் அவள் கல்லூரிக்கு வரவில்லை. அந்தச் சமயத்திலும் எங்கள் குழுவில் பேசப்பட்டது அவளுடைய வருகைப்பதிவு குறைந்துவிட்டது என்பதைத்தான். வேறு மாணவரை எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். கேட்டவரின் முகத்தை நான் பார்த்தேன். அதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. பட்டியலில் ஓர் இடம் காலியாகிவிடக் கூடாதே என்ற கவலை மட்டும் இருந்தது.

அவள் தை மாதக் கடைசியில் வந்தாள். தார்ப்பாய்க் கொட்டகையில் இருக்கிறோம் என்றாள். வேறு எளிய தலைப்பாக எடுத்துக்கொள்ளேன் என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறார். மறுத்துவிட்டாள்.

“இந்த வருசம் சாமியக் கரைக்கு விடறதா வேணாமான்னு எங்க ஊர்ல பஞ்சாயத்து நடக்குது மேடம்,” என்று என்னிடம் சொன்னாள். “ஆம்பளைங்க எல்லாரும் வேணாங்கறாங்க. வந்து இன்னாத்தக் கிழிக்கப் போவுதுன்றாங்க. பொம்பளைங்கதான் வரட்டும்னு சொல்றாங்க.”

“ஏன் வரட்டும் என்கிறார்கள்?”

“வந்தாத்தான கேக்க முடியும்னு எங்க பெரிம்மா சொல்லிச்சு.”

மாசி மகத்தன்று சாமி வந்தது. கல்லூரியின் ஒலிப்பதிவுக் கருவி அலமாரிக்குள்ளேயே இருந்தது. அவள் தன் மாமன் மகனிடம் இரவல் வாங்கிய டேப்ரெக்கார்டரில் பதிந்தாள். பங்குனியில் குழுவுக்கு முன்னால் அதை ஓட்டிக் காட்டினாள். நாங்கள் ஐந்தாறு பேர் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.

முதலில் நாகசுரம். பிறகு ஒரு பெண் குரல், “யோவ், ஊதறத நிறுத்துய்யா!” என்று அதட்டியது. மேளம் அடங்கியதும் அலையின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெரியம்மாவின் கரகரத்த குரல்.

“இன்னா மாப்ளே! எங்க பொண்ணக் கட்டிகினு போனவன், வருசா வருசம் சீருக்கு மட்டும் டாண்ணு வந்து நிக்கிறியே. மார்கழி மாசம் எங்க போன? திருவாதிரைன்னு ஆட்டத்துக்குக் கெளம்பிகினு இருந்தியா? நீ ஆடிகினு இரு, இங்க எங்க வூடு ஆடிச்சு பாரு!”

இன்னொருத்தி: “நெத்தியில ஒரு கண்ணு எக்ஸ்ட்ரா வச்சிகினு கீறியே, அதாலயாவது பாத்தியா? அதுவும் அவிஞ்சு போச்சா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்; யாரோ அழுதார்கள்; இரண்டும் ஒரே குரலோ என்னவோ. இப்படிப் பலர் பேசினார்கள். பிறகு ஒருத்தியை முன்னால் விடுங்கள் என்று சலசலப்பு. இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவள் அவள் என்று மாணவி எங்களுக்குத் தாழ்ந்த குரலில் சொன்னாள். அலை வந்தது, போயிற்று. பிறகு அந்தத் தாயின் குரல், உயராமல், ஏறக்குறைய சாதாரணமாகக் கேட்டது.

“இன்னாத்துக்கு வந்த?”

அவ்வளவுதான். அதற்குமேல் அவளும் பேசவில்லை, அவளுக்குப் பிறகு எவளும் பேசவில்லை. நாடா நெடுநேரம் அலையை மட்டும் ஒலித்தது. கடைசியில் குடத்து நீர் மணலில் கொட்டும் ஓசை.

நான் ஓதி வளர்ந்தவள். இறைவனை நோக்கி மனிதர் சொல்லியிருக்கும் சொற்களில் சிலவற்றை அன்றாடம் நாவில் வைத்திருப்பவள். அந்த இரண்டு சொற்களின் எடை எனக்குத் தெரிந்தது. கைகுவித்திருக்கிறேன் என்பதை, பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

“பிரமாதம்,” என்றார் ஒருங்கிணைப்பாளர். அவர் கண்களும் கலங்கித்தான் இருந்தன. “டீமுக்குக் காட்ட நம்மகிட்ட ஒண்ணு கெடச்சாச்சு.”

அன்று வெளியே வரும்போது, இவற்றையெல்லாம் பதிந்துகொள்ளக் குப்பத்துப் பெண்கள் எப்படிச் சம்மதித்தார்கள் என்று மாணவியைக் கேட்டேன். மற்றவர்கள் உடனே சரி என்றார்களாம். பிள்ளைகளை இழந்தவள் மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். “போட்டா முழுசாப் போடு. பாதி போடறதா இருந்தா உன் பொட்டிய மூடிகினு போயிடு.” தான் சரி என்று அவள் கையைத் தொட்டுச் சொல்லியிருப்பதாக மாணவி சொன்னாள்.

கோடை விடுமுறைக்கு முன் ஒருநாள் ஆய்வேட்டின் தட்டச்சுப் படி என் வீட்டுக்கு வந்தது, அணிந்துரை கேட்டு. பக்தி இலக்கியத்தில் தோய்ந்த மூத்தவர் கையால் நான்கு வரி இருந்தால் சிறப்பு என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லி அனுப்பியிருந்தார். ‘கடலோர மக்களின் பக்தி நெறி’ என்று தலைப்பு மாறியிருந்தது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். உள்ளே பெண்கள் பேசும் பகுதிக்கு வந்தேன். மறியலே இல்லை. பெண்கள் பல்லக்கை ‘எதிர்கொண்டு வரவேற்கிறார்கள்’. பெரியம்மா, ஆடவல்லானின் அருள்நடனத்தை வியக்கிறாள். நெற்றிக்கண்ணைக் கேலி செய்தவள் முக்கண்ணனைப் போற்றுகிறாள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் கைகூப்பி, “எங்கள் இடர்களைய எழுந்தருளினாய் பெருமானே” என்று உருகுகிறாள்.

சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது பொய். பிள்ளைகளை இழந்த தாயின் வாயில் நன்றியைத் திணிப்பதற்கு என்ன பெயர் வைப்பது? எனக்கு இன்றும் சொல் கிடைக்கவில்லை.

உச்சி வெயிலில் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குப் போனேன். முதலில் அகப்பட்டவர் வழிகாட்டி. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“நான் அவளுக்கு நல்லதுதான் மேடம் பண்ணேன். அப்படியே போட்டா யாராவது பிரச்சனை பண்ணுவாங்கன்னு சார் சொன்னாரு. சாமியப் பாத்துக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு… டீம்ல யாரு எப்படிப்பட்டவங்களோ, தெரியாதில்ல?”

“அந்தப் பெண்ணிடம் காட்டினீர்களா?”

“இன்னும் இல்ல மேடம். பைண்டிங் ஆனதும் காட்டலாம்னு…”

ஒருங்கிணைப்பாளரின் அறைக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் மேசைமீது வைத்தேன். அவர் என் சினத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “நான் எதிர்பாத்தேன் மேடம். உங்கள மாதிரி பக்தி உள்ளவங்களுக்கு அந்தப் பழைய படி எவ்ளோ வேதனையா இருந்திருக்கும்! அதான் எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டோம்,” என்றார்.

என்னை எதற்காக அழைத்தார்கள் என்பது அந்தக் கணத்தில் முழுதாக விளங்கியது. என் நெற்றித் திருநீற்றை அவர்கள் ஒரு முத்திரையாகக் கருதியிருந்தார்கள். அந்தப் பெண்களின் குரலை நெரித்துவிட்டு, நெரித்தது பக்தியின் பொருட்டே என்று அதன்மேல் குத்துவதற்கான முத்திரை.

“போன வாரம் கோயில் மண்டபத்தில் என்ன பேசினீர்கள்?” என்று கேட்டேன். “அடியார் இறைவனோடு வழக்காடும் உரிமையைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசவில்லையா? உனக்குக் கண் இல்லையா, காது இல்லையா, அடியவனைக் காக்கத் தெரியாத நீ எப்படி ஆண்டவன் என்றெல்லாம் ஏசிய பாடல்களை நீங்கள் பண்ணோடு பாட, கூட்டம் உருகியதே. நானும் முன்வரிசையில் இருந்தேனே.”

அவர் சிறிதும் தடுமாறவில்லை. குழந்தைக்கு விளக்குவது போலச் சொன்னார்.

“அது இலக்கியம் மேடம். இது வசவு.”

என் ஆயுளில் என்னை யாரும் அடித்ததில்லை. அடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பாடல்கள் பிறந்த நாளில் அவற்றைப் பக்கத்தில் நின்று கேட்டவர் எவரும் இலக்கியம் கேட்பதாக எண்ணியிருக்க மாட்டார். துன்பப்பட்ட ஒருவர் தம் இறைவனைச் சட்டையைப் பிடித்து உலுக்குவதைத்தான் கேட்டிருப்பார். அதே சொல், செத்தவர் சொன்னால் பண்ணோடு பாடலாம்; உயிரோடு இருக்கும் ஒரு மீன்காரி சொன்னால் சுத்தம் செய்ய வேண்டும். இதை நான் உரக்கத்தான் சொன்னேன். வராந்தாவில் போன மாணவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒருங்கிணைப்பாளர் கதவைச் சாத்தினார்.

குழு கூடியது. நான் பேசினேன். எவரும் என்னை மறுத்துப் பேசவில்லை. அதுதான் அந்த இடத்தின் கைத்திறம். எல்லோரும் தலையசைத்து, மேடம் சொல்றதும் சரிதான் என்று சொல்லி, என்னைத் தவிர எல்லோரும் திருத்திய படிக்கே இசைந்தார்கள். பெண்கள் சொன்னதை அப்படியே ஒரு பின்னிணைப்பாக எழுதி, அதைப் பொதுப் பார்வைக்கு வைக்காமல் துறையில் பூட்டி வைக்கலாம் என்று ஒரு சமரசம் வந்தது. மாணவியை உள்ளே அழைத்து, திருத்திய படியைக் கொடுத்து, கையெழுத்திடச் சொன்னார்கள்.

அவள் நின்றபடியே படித்தாள். பக்கங்களைத் திருப்பும் ஓசை மட்டும் கேட்டது. அந்த வரிக்கு வந்துவிட்டாள் என்று அவள் விரல் நின்றதிலிருந்து அறிந்தேன்.

“இது யாரு சார் சொன்னது?”

வழிகாட்டி தம் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருங்கிணைப்பாளர்தான் பதில் சொன்னார். “அந்த அம்மாவோட உணர்வு அதானேம்மா? அவங்களுக்கு அழகாச் சொல்லத் தெரியல, நாம சொல்லிக் குடுக்கறோம்.”

“அவங்க ஒரே ஒரு கேள்விதான் சார் கேட்டாங்க. அத எடுத்துட்டீங்கன்னா அவங்க ஒண்ணுமே கேக்கலன்னு ஆயிடும்.”

“அதான் பின்னாடி இணைப்புல வெக்கறோம்னு சொல்றோமே. பத்திரமா இருக்கும்.”

“பூட்டியா சார்?”

அவள் தாள்களை ஒழுங்காகத் தட்டி மேசைமீது வைத்தாள்.

“முழுசாப் போடறதா இருந்தாப் போடுங்க சார். இல்லன்னா என் பேர எடுத்துடுங்க. நான் சொல்லிட்டு வந்திருக்கேன் ஊர்ல.”

“யோசிச்சுக்கோம்மா. டீம் முன்னாடி நிக்கற சான்ஸ். பல்கலைக்கழகத்துல கட்டுரை வாசிக்கக்கூடக் கூப்பிடுவாங்க. மேல படிக்கணும்னு சொன்னியே, இந்தச் சான்றிதழ் எவ்ளோ உதவும் தெரியுமா?”

அவளுக்கு அது தெரியும். அவள் கண்ணில் நீர் நிறைந்ததைப் பார்த்தேன். மேலே படிக்க வேண்டும், இதையே பெரிதாகச் செய்ய வேண்டும் என்று என்னிடமும் சொல்லியிருக்கிறாள். அந்தக் கதவு தன் கண்ணெதிரே சாத்தப்படுவதைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டே, “வேணாம் சார்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அதோடு விட்டார்களா? மாணவி பெயர் இல்லாவிட்டாலும் துறையின் கூட்டுமுயற்சி என்று போட்டு அதையே காட்டலாம் என்றார் ஒருவர். எழுதியவள் போய்விட்டாள், பேசியவர்கள் பேசியதும் போய்விட்டது, அட்டையாவது மிஞ்சட்டும் என்று எண்ணினார்கள் போலும். நான் எழுந்தேன். அந்த ஏட்டை எவர் கையில் கொடுத்தாலும், பார்வையாளர் குழு வரும் நாளில் நான் நேரில் வந்து, அதில் உள்ளது பொய் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன், என்னைக் காவலாளியை வைத்து வெளியேற்றினால் வாசலில் நின்று சொல்வேன் என்றேன். குழுவிலிருந்து விலகுகிறேன் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் என் சொல்லுக்கு அஞ்சி ஏட்டை ஒதுக்கினார்கள். பக்திப் பாடல்களில் மலர்களைப் பற்றிய ஆய்வுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

சில நாட்களில் அந்தப் பெண் எனக்குத் தொலைபேசியில் பேசினாள். பிள்ளைகளை இழந்த அந்த அக்காவிடம் ஊரில் சொல்ல வேண்டும், தனியாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, வருவீர்களா என்றாள். போனேன். நாவலூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. பேருந்து அவற்றைத் தாண்டிக் கடற்கரைக்குத் திரும்பியது. கொட்டகைகள் வெயிலில் தகித்தன. பெண்கள் நிழலில் அமர்ந்து, காய்ந்த கருவாட்டைப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வா டீச்சரம்மா,” என்றாள் நாடாவில் கேட்ட அதே கரகரத்த குரலுடைய பெரியம்மா. “துண்ணூறு பூசிகினு வந்துகீற, கவிச்சி தாங்குவியா?”

தாங்குவேன் என்று மணலில் அமர்ந்தேன். பிள்ளைகளை இழந்தவள் என் எதிரில் இருந்தாள். என்னைவிடப் பல ஆண்டுகள் இளையவள். மாணவி அவள் பக்கத்தில் குந்தி, “அக்கா, அத்தப் போடல,” என்றாள்.

“ஏன்?”

“பாதிதான் போடுவேன்னாங்க. நான் வேணாம்னுட்டேன்.”

“அப்ப சரியாத்தான் செஞ்சிகீற. அதுக்கு ஏன் அழுவற?” அவள் கை கருவாட்டிலிருந்து நகரவில்லை. “பரிட்சையில கொறச்சிட்டானுங்களா?”

“இல்லக்கா, அது வேற.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீ இன்னாத்துக்கு டீச்சரம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிகினு கீற? நான் கேட்டது அவன. உங்க காலேஜயா கேட்டேன்?”

“காலேஜாண்ட கேட்டிருந்தா இந்நேரம் பதில டைப் அடிச்சிக் குடுத்திருப்பாங்கடி,” என்றாள் பெரியம்மா. பெண்கள் சிரித்தார்கள். மாணவியும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. பிள்ளைகளை இழந்தவளுக்கு அந்தக் கல்லூரி ஒரு பொருட்டே அன்று. அவளுடைய வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது, அங்கே அவள் நேராகவே கேட்டுவிட்டாள். நான் அப்படிக் கையை உதறிவிட்டு எழ முடியாது. சொல்லைக் காப்பதுதான் தொழில் என்று நம்பி என் வாழ்நாளை அத்தகைய கட்டடங்களுக்குள்தான் கழித்தேன். மாணவி பட்டம் பெற்றாள். மேலே படிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “போதும் மேடம்,” என்றாள். எவரும் எழுதாத ஒன்றை முதன்முதலாக எழுதத் தெரிந்த ஒருத்தியை, அவளுடைய இருபது வயதில், ஆய்வை வளர்க்கிறோம் என்ற பெயரால் போதும் என்று சொல்ல வைத்தார்கள். அவர்கள் எவரும் அதன்பொருட்டு ஒருநாள்கூட உறக்கம் இழந்திருக்க மாட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் இன்றும் கோயில்களில் அழகாகப் பேசுகிறார். என் தெருவிலேயே அவர் பேச்சுக்குச் சுவரொட்டி ஒட்டுகிறார்கள்.

அவரை மன்னிக்க எனக்கு மனமில்லை. மனம் வர வேண்டும் என்று நான் எந்தச் சந்நிதியிலும் வேண்டிக்கொண்டதும் இல்லை.